புல்லுக்கு மருந்தடிக்காத வருடம்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து அலுவலகத்தில் கரண்ட் இல்லை. மதியம் கரண்ட் வந்ததும் நிலுவையில் கிடந்த புகார்களை மூடினேன். மூடுவது என்றால் தீர்ப்பது அல்ல. "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி தட்டினால் திரையில் பச்சை ஆகிவிடும். மாநகராட்சியில் தற்காலிக ஊழியராக நான் கற்ற ஒரே வித்தை இது.

மாலையில் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர் தாரணி ஒரு சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். பூங்கா, நடைபாதை, சாலை நடுத்திட்டு, கல்லறைத் தோட்டம் எதிலும் இனி களைக்கொல்லி தெளிக்கக் கூடாது. மன்றத்தில் தீர்மானம் ஆகிவிட்டதாம். முதலில் எங்கள் பிரிவில் ஒரு வருடம் சோதனை. கையால் பிடுங்க வேண்டும், மிஷினால் வெட்ட வேண்டும், காய்ந்த இலையைப் பரப்பிப் புல்லை அடக்க வேண்டும். பழைய சுவரைப் பிளக்கும் அரசங்கன்று மாதிரி வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் பொறியாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, முன்கூட்டியே பலகை வைத்துவிட்டுத் தெளிக்கலாம்.

சிரிப்பு வந்தது. வாக்கிங் போகிற யாருடைய நாய்க்குட்டிக்கோ இருமல் வந்திருக்கும், அதற்குத்தான் தீர்மானம் என்று நினைத்துக்கொண்டே காரணங்களுக்கு வந்தேன். முதல் காரணம்: தெளிப்பவரின் உடல்நலம். குழந்தைகள், நாய்கள், நிலத்தடி நீர் எல்லாம் அதற்குக் கீழே.

திரும்பவும் படித்தேன். பிழையாக முன்னால் வந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றியது.

கடைசிப் பத்தியில் சந்தேகம் தீர்ந்தது. தடையை மீறித் தெளிக்கும் தொழிலாளி உடனே பணிநீக்கம். ஒப்பந்ததாரருக்கு எச்சரிக்கை. அதானே பார்த்தேன். முதல் வரியில் அக்கறை, கடைசி வரியில் கத்தி.

ஜூன் 12

எங்கள் பிரிவில் அந்தத் "தெளிப்பவர்" என் மாமா. ஆம்ப்ரோஸ், அம்மாவின் தம்பி. சாந்தோமில் எங்களோடுதான் இருக்கிறார். ஒப்பந்ததாரரிடம் தினக்கூலி. முதுகில் பம்ப், முகத்தில் கர்ச்சீப், காலில் ஹவாய் செருப்பு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

மாமா சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். சோப்பு, எலுமிச்சை, சீயக்காய் எது போட்டுத் தேய்த்தாலும் விரல் நுனியில் மருந்து வாடை போகாது. அம்மா அதையும் கேலி செய்வாள்: "துரை வந்துட்டாரு, ஸ்பூன எடுத்து வை." நானும் சிரித்திருக்கிறேன். எத்தனை வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்?

பம்பை நிறுத்தப்போகிறார்கள் என்று சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளி வைத்தார்.

"பம்ப்பு இல்லேன்னா நான் எதுக்குடி? சும்மா நிக்க வச்சி கூலி குடுப்பானா அவன்?"

நல்லது எதைச் செய்தாலும் முதலில் எங்கள் வீட்டுச் சோற்றில்தான் கை வைப்பார்கள்.

ஜூன் 30

நினைத்ததுதான். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் செந்தில்குமார் அலுவலகத்துக்கே வந்து, பம்ப் ஆட்களை நாளையிலிருந்து நிறுத்துவதாகச் சொன்னார். தாரணி மேடம் அப்போதுதான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"பம்பைத்தான் நிறுத்தச் சொன்னேன். ஆளை இல்ல. கையால செய்யற வேலைக்கு இன்னும் ஆள் வேணும். ஒப்பந்தத்துல இருக்கற ஆள்ல ஒருத்தர் குறைஞ்சாலும் பில்லுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

செந்தில்குமார் சிரித்தபடி போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவுக்கு ஒரு களைக்கொத்தும் கையுறையும் கிடைத்தன. கையுறை சின்னது, விரல் நுழையவில்லை. இருந்தாலும் வேலை இருக்கிறது.

ஜூலை 9

பூங்காக்களிலும் கல்லறைத் தோட்டத்து வாசலிலும் பலகை வைத்தாயிற்று. "இங்கு களைக்கொல்லி தெளிப்பதில்லை. புல் கணுக்கால் உயரம் இருக்கும். அதற்கு மேல் வளர்ந்தால் அழைக்கவும்." கீழே மேடத்தின் சொந்த செல்போன் எண். பொறியாளர்கள் தங்கள் எண்ணை மறைத்து வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஏன் அலுவலக எண் போடவில்லை என்று கேட்டேன்.

"ஆபீஸ் நம்பர் போட்டா நீ மூடிடுவ."

திட்டவில்லை. மழை வரும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். வீடு வந்து சேரும் வரை காது சுட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 24

மயிலாப்பூரில் குடியிருப்போர் கூட்டம். அபயாம்பாள் என்று ஒரு மாமி எழுந்து நின்று ஒரு பிடி பிடித்தார். "நடைபாதையெல்லாம் புல்லு மொளைச்சுண்டு வர்றது. நாளைக்கு எங்காத்து வாசல்ல பாம்பு வந்தா நீயா வரப்போறே?"

"வரேன் மாமி. கூப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 31

பாம்பு வந்தது. அவரும் போனார்.

சாரைதான். கிண்டியிலிருந்து பாம்பு பிடிக்கிற ஆட்கள் வரும் வரை மாமி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தே இருந்தாராம். அவர்கள் போன பிறகும் போகாமல், அந்தத் தெருப் புல்லை ஆள் வைத்து வெட்டிவிட்டுத்தான் கிளம்பினாராம். மாமியே அலுவலகத்துக்கு போன் செய்து சொன்னார். புல்லைப் பற்றிய புகார் அப்படியே இருக்கிறது. "ஆனா அந்தப் பொண்ணு சொன்னா வரா."

எனக்கு யாரையும் மெச்சிப் பழக்கமில்லை. அதிகாரிகளை நிச்சயமாக இல்லை. இது ஒரு தகவல், எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீன் குழம்பு. மாமா ஸ்பூனை நகர்த்தி வைத்துவிட்டு, விரலை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, கையால் பிசைந்து சாப்பிட்டார். அம்மா இரண்டாவது முறை குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 16

மாமாவுக்கு இடுப்பு வலி. நாள் முழுக்கக் குனிந்து பிடுங்குவது சும்மா இல்லை. களைக்கொல்லி வேண்டாம் என்று மன்றத்தில் கை தூக்கியவர்கள் யாரும் குனியவில்லை — நானும்தான். மேடத்திடம் கேட்டே விட்டேன். நான்காவது நாள் நீளக் கைப்பிடி வைத்த கொத்து வந்தது, எல்லோருக்கும்.

அக்டோபர் 17

மழை தொடங்கிவிட்டது. புல் பைத்தியம் பிடித்தது மாதிரி வளர்கிறது. கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் வரை. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியுமாக எங்கள் சர்ச்சின் பங்கு மக்கள் எல்லோரும் திரண்டு வருவார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள்: செத்தவர்களுக்குக்கூட இந்த ஊரில் மரியாதை இல்லையா?

மேடத்தின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கல்லறைக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று ஒப்பந்ததாரருக்கு எழுதினார். அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. திருநாளன்று புல் நின்றால் சோதனை தோற்றது என்று எழுதிவிட்டுப் பழையபடி பம்பை எடுக்கலாம் — இதுதான் அவர்கள் கணக்கு, எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 22

இன்னிக்கு மாமா ஸ்பூன் கேட்டார்.

அம்மா கவனிக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. செந்தில்குமார்தான் மருந்துக் கேனைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பின்சுவர் ஓரத்து வரிசைகள் மட்டும், யாரும் பார்க்க மாட்டார்கள், திருநாளைக்குள் சுத்தமாகிவிட வேண்டும் என்று.

"ஏன் மாமா அடிச்சே?"

"அடிக்கலேன்னா நாளைக்கு வராதேன்னான். இன்னா பண்ண சொல்ற?"

மேடத்திடம் சொல்லலாமா? சொன்னா அந்தக் கடைசிப் பத்தி இவர் கழுத்துலதான் விழும். நானே தட்டச்சு பண்ணின பத்தி. கேன் வாங்கினவனுக்கு எச்சரிக்கை, தூக்கினவனுக்கு வேலை போச்சு. சொல்லலேன்னா — சொல்லலேன்னா என்ன? புல் சாகும், மேடம் ஜெயிச்சதா எல்லாரும் நினைப்பாங்க. பொய்யாவே ஜெயிக்கட்டுமே.

சொல்லவில்லை.

அக்டோபர் 30

பின்வரிசைகள் பழுப்பாகிவிட்டன. பங்குக்காரர்கள் பார்த்துவிட்டு "இப்பதான் சுத்தமா கீது" என்கிறார்கள். மூன்று நாளாக நல்ல வெயில். மேடம் வெள்ளத் தண்ணீர் இறைக்கிற வேலையில் தி.நகர் பக்கம் கிடக்கிறார். இங்கே வரவே இல்லை. முன்பக்கத்தை மாமாவும் இன்னும் இரண்டு பேரும் கையால் வெட்டியே சமாளித்துவிட்டார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

மாலையில் கல்லறை மந்திரிப்பு. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். முன்பக்கம் முழுக்க வெட்டிய பச்சைப் புல், அதன் மேல் நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்தி. சாய்ந்து விழுந்தவை புல்லிலேயே அணைந்தன. நாங்கள் தாத்தா கல்லறையில் நின்றிருந்தோம்.

பின்சுவர் பக்கம் யாரோ கத்தினார்கள். ஒரு மெழுகுவர்த்தி சரிந்திருக்கிறது. செத்துக் காய்ந்த புல் அல்லவா, நெருப்பு நூல் பிடித்த மாதிரி கல்லறைகளுக்கு நடுவே ஓடியது. யாரோ ஒரு அம்மாவின் புடவை ஓரம் பற்றியது. மாமா எங்கள் பக்கத்திலிருந்து ஓடினார். புடவையைக் கையாலேயே கசக்கி அணைத்தார். செருப்புக் காலால் மிதித்தார். பிறகு ஃபாதரோடு வந்தவரிடமிருந்து தீர்த்த வாளியைப் பிடுங்கி ஊற்றினார். ஃபாதர் கோபப்படவில்லை. "அந்தப் பக்கமும் ஊத்துப்பா" என்றார்.

யாருக்கும் பெரிய காயம் இல்லை. மாமாவுக்கு உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

தாரணி மேடம் எப்போது வந்தாரோ தெரியாது. குனிந்து ஒரு பிடி பழுப்புப் புல்லைப் பறித்துப் பார்த்தார். பச்சையும் பழுப்பும் பிரிகிற இடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

"யார் அடிச்சது?"

கூட்டத்தோடு நின்றிருந்த செந்தில்குமார் மாமாவைப் பார்த்தார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா அடிச்சேன்."

முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வாழ்க்கையில் விசாரணை எப்போதும் அங்கேதான் முடியும். மேடம் திரும்பி, செந்தில்குமாரின் முகத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கேன் யார் வாங்கினது?"

இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பள்ளியில் இல்லை, காவல் நிலையத்தில் இல்லை, அலுவலகத்தில் இல்லவே இல்லை.

நவம்பர் 3

அறிக்கையை என்னைத்தான் தட்டச்சு செய்யச் சொன்னார். கேன் ஒப்பந்ததாரர் தரப்பில் வாங்கியது. தொழிலாளி மிரட்டப்பட்டார். கேட்ட கூடுதல் ஆட்கள் அனுப்பப்படவில்லை. அடுத்து: "இரண்டு வாரமாக அந்த இடத்தை நான் பார்வையிடவில்லை. இது என் தவறு."

நிறுத்தினேன். இந்த வரி வேண்டாம் மேடம், உங்களைத்தான் பிடிப்பார்கள் என்றேன்.

"அதை எடுத்துட்டா மீதியை யார் நம்புவா? அடி."

அடித்தேன். அடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன் — அவர் என் மாமா, மருந்தடித்தது எனக்கு அன்றைக்கே தெரியும் என்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை போயிடும்னு தெரிஞ்சா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. மேலேயிருந்து அந்தப் பத்தி வந்தப்பவே நான் சண்டை போட்டிருக்கணும். அதை நீக்கணும்னு தனியா ஒரு பக்கம் எழுது. பொறுப்பு முழுக்க ஒப்பந்ததாரருக்குன்னு போடு."

நவம்பர் 19

மேடத்துக்கு மெமோ வந்துவிட்டது. வேகமாக வருவது அது ஒன்றுதான். மாமாவை முடிவு தெரியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். கைக் கொப்புளம் ஆறிவிட்டது. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் முளைத்த புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று எழுந்துபோய்ப் பிடுங்கிவிட்டு வந்தார், யாரும் கேட்காமலே.

நவம்பர் 27

ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 4

வந்தது. ஒப்பந்ததாரருக்கு அபராதம், எங்கள் பிரிவிலிருந்தும் நீக்கம். தொழிலாளியை நீக்கும் பத்தி எடுக்கப்பட்டுவிட்டது. தடை தொடரும். பழைய ஆட்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது புது ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனை. மாமா திங்கட்கிழமை போகலாம்.

ஒரு விதி மேலே இருக்கிறவன் மேல் விழுந்ததை முதல் தடவையாகப் பார்க்கிறேன். இந்த ஊர் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன், பொய். ஒரு பொறியாளர், ஒரு பிரிவு, ஒரு பத்தி. மேடத்தின் மெமோ அவர் கோப்பில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நடந்தது. நான் தட்டச்சு செய்தேன்.

நன்றி சொல்லப் போனேன். கேட்டுக்கொள்ளவே இல்லை. பின்சுவர் ஓரம் மண் வெறுமையாகக் கிடக்கிறது, மழை கரைப்பதற்குள் இலை பரப்ப வேண்டும், எத்தனை மூட்டை சேர்ந்திருக்கிறது என்றார்.

ஜனவரி 8

காலையில் ஒரு புகார்: கல்லறைத் தோட்டத்தில் புல் வளர்ந்திருக்கிறது. மூடவில்லை. நடந்தே போய்ப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழேதான். புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு என் எண்ணிலிருந்து பேசினேன். அரை மணி நேரம் திட்டினார், கேட்டுக்கொண்டேன்.

மதியம் வீட்டில் தயிர்சாதம். ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் உள்ளே மாமாவின் ஸ்பூன் கிடக்கிறது. அம்மா எப்போது போட்டாளோ.