சிரித்தால் சரிகிற பிள்ளை

திருநகர், மதுரை.
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கனகலட்சுமிக்கு அப்பா மொக்கையன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், தம்பி முத்துக்குமரனின் சங்கதியைக் கீழே விவரமாக எழுதுகிறேன், அங்கே கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளை சூரியபிரகாஷும் மூக்கு விறைக்காமல் சுகப்பட்டிருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதம் எழுதுகிற கிறுக்கு என்று நீ கேட்பாய். ஃபோனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், அவரைப் பெற்ற புண்ணியவான், உன் அம்மாவின் அண்ணன் விருமாண்டியைப் பற்றி நான் சொல்லப்போவதை அவர் காதால் கேட்க வேண்டாம் என்றுதான் நார்த்தங்காய் ஊறுகாய்ப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். ஊறுகாய் எண்ணெய் பட்டு எழுத்து ஊறியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பிழை கண்டுபிடித்து எனக்கே திருப்பி அனுப்பாதே.

வீட்டில் மற்றபடி எல்லாம் பழையபடிதான். சிம்மக்கல்லில் சரக்கு ஏற்றிக் கப்பலூரில் இறக்குவதும், அங்கே ஏற்றி இங்கே இறக்குவதுமாக என் லோடு ஆட்டோ ஓடுகிறது, அதைவிட என் வாய் ஓடுகிறது. உன் அம்மா அழகம்மாளுக்கு அந்த ஒற்றைத் தலைவலி வந்தால் இப்போதும் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறாள், அன்றைக்கு மட்டும் வீட்டில் எனக்குச் சுதந்திரம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பியை நாம் எல்லாரும் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்துக் கூப்பிட்டோமே, சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைத்தபடி தூங்குவான், பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் விழிப்பான், கப்பலூர் கம்பெனியில் பெட்டி கட்டுகிற இடத்தில் அட்டைமேல் சாய்ந்து தூங்கியதை அந்த சூப்பர்வைசர் ஃபோட்டோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட்டு, கீழே ஒரு சிரிக்கிற பொம்மையும் வைத்திருந்தான். அவன் மூஞ்சிக்கு அந்தப் பொம்மையை ஒட்டினால் பொம்மைதான் கோபித்துக்கொள்ளும். ராத்திரியில் தம்பி விழித்துக்கொண்டே கை கால் அசையாமல் கிடப்பான், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பான், அமுக்கான் பேய் என்று உன் அம்மா தலைமாட்டில் விளக்குமாறு வைத்தாள். பேய் வந்ததோ இல்லையோ, காலையில் அதை மிதித்து வழுக்கியது நான்தான்.

இதெல்லாம் போகட்டும் என்று இருக்கும்போதுதான் திருமங்கலத்துப் பக்கம் காளை என்கிறவரின் மகள் காளீஸ்வரிக்குப் பூ வைக்கப் போனோம், வீடியோ காலில் நீ பாதி பார்த்தாய், மீதியை உன் மாமனார் கட் பண்ணிவிட்டார். அந்த மீதி இதுதான். சபையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், மாமன் மச்சான் என்றால் கேலி பேசாமல் எழுந்தால் மரியாதைக் குறைவு என்பது நம் பக்கத்து வழக்கம், நானும் என் கடமைக்கு, உன் மாமனாரைக் காட்டி, எங்க மச்சான் மீசைக்கு மை அடிக்கையில கண்ணாடி பாக்க மாட்டாக போல, பாதி மை மூக்குக்குள்ள போயிருச்சு என்று ஒரு வார்த்தை சொன்னேன். சபையே சிரித்தது. உன் தம்பியும் சிரித்தான், சிரித்தவனுக்கு முதலில் தாடை தொங்கியது, அப்புறம் தலை, அப்புறம் முட்டி, ஈரச் சாக்கு சரிகிற மாதிரி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தான். அவ்வளவுதான், ஊரில் உள்ள சாவி எல்லாம் அவன் கையில் வந்து விழுந்தது. பைக் சாவி, பீரோ சாவி, யாரோ ஒரு பெரியவர் சாவி கிடைக்காமல் இரும்பு இடுக்கியையே கொண்டுவந்து திணித்தார். வலிப்பு என்று நாலு பேர், காற்று கறுப்பு என்று நாலு பேர், ஆளாளுக்கு டாக்டர். உன் மாமனார் சும்மா இருப்பாரா, பெண் வீட்டு ஆளிடம் குனிந்து, தண்ணி கிண்ணி போடுறானோ என்னமோ, நம்மளுக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு, அதே வாயால் சபைக்குச் சத்தமாக, ஒண்ணுமில்லப்பா, ராத்திரி ஷிப்ட்டு, தூக்கமில்லாத மயக்கம் என்று அறிவித்தார். சொந்தத் தங்கச்சி பிள்ளை தரையில் கிடக்கிறான், இவர் ரெண்டு கட்சிக்கும் ஓட்டுக் கேட்கிறார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று, அப்போது எங்களுக்கும் தெரியாது. உன் தம்பிக்கு நினைவு தப்பவே இல்லை. கண் இமையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தானே தவிர, காது முழுசாக வேலை செய்தது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்கு வந்து வரிசையாக ஒப்பித்தான், கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கூட்டத்திலேயே ஒரே ஒருத்திக்குத்தான் மூளை இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை காளீஸ்வரி ஒரு துண்டை மடித்து அவன் தலைக்கு அணை கொடுத்துவிட்டு, அவரு இமை துடிக்குது, முழிச்சுத்தான் இருக்காரு, எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க என்றாளாம். நான் என் பதட்டத்தில் அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தட்டிக்கொண்டான், பூவும் வைத்து முடித்தோம்.

முதலில் ஒரு டாக்டரிடம் போனோம், பேர் எதற்கு, அவர் இவன் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, வலிப்பு மாத்திரை எழுதினார், ஏற்கெனவே தூங்குகிறவன் இன்னும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான். அப்புறம்தான் பெரியாஸ்பத்திரியில் மூளை நரம்பு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர், வயசு உன்னைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், சிரிக்கும்போது மட்டும் விழுறாரா, கண்ணு திறந்திருக்கும்போதே கனவு வருதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ராத்திரி பூராவும் தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்து, மறுநாள் பகலிலும் விட்டு விட்டுத் தூங்கச் சொல்லிப் பார்த்து, இதுக்கு நார்கோலெப்ஸின்னு பேரு, இது வலிப்பும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை என்றார். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்தில் கொஞ்சம் செல்கள் இருக்கின்றனவாம், அவை ஓரெக்சின் என்று ஒரு சரக்கைச் சுரக்குமாம், அந்த மாதிரிச் சரக்குக்கெல்லாம் நியூரோபெப்டைடு என்று குடும்பப் பேர். இந்த ஓரெக்சின்தான் விழிப்பை விழிப்பாகவும் தூக்கத்தைத் தூக்கமாகவும் கலக்காமல் பிடித்து வைக்கிறது. நம் உடம்பில் கிருமியை அடிக்கிற படை இருக்கிறதே, அது ஆள் தெரியாமல் அந்தச் செல்களையே அடித்துவிட்டிருக்கலாம் என்கிறார்கள். அதனால் தூக்கம் பகலில் புகுந்துகொள்கிறது. கனவில் நாம் ஓடினாலும் படுக்கையை விட்டு எழுந்து ஓடாமல் இருக்க இயற்கை கை காலைத் தளர்த்தி வைக்கிறதாம், இவனுக்கு அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே, சிரித்தால் வந்துவிடுகிறது. ராத்திரி நெஞ்சில் உட்கார்ந்த அமுக்கானும் இதே கூட்டாளிதான். உன் அம்மா சந்தடி சாக்கில் தன் தலைவலியையும் கேட்டாள், அதிலும் வேறொரு பெப்டைடுக்குப் பங்கு உண்டும்மா, அது அதிகமா வெளிய வந்து வலியக் கிளப்பும் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒரே பெருமை, நம் வீட்டில் ஒருத்தருக்குக் குறைச்சல், ஒருத்தருக்குக் கூடுதல், நான் ஒருத்தன்தான் கணக்குக்கு வராதவன்.

இதை உன் மாமனாரிடம் சொன்னது என் தப்பு. மறுநாளே ஒரு பெரிய டப்பாவோடு வந்து நிற்கிறார், யூடியூப்பில் பார்த்தாராம், பெப்டைடு பவுடராம், குறையிற சரக்க ஊத்துனா வண்டி ஓடும்ல மாப்ள, இதுக்குப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல படுத்துக் கெடந்தீகளாக்கும் என்று எனக்கே வைத்தியம் சொல்லுகிறார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றத் தெரியாமல் காரைப் புகைய விட்ட மனுஷன், மூளைக்குள் சரக்கு ஊற்றப் போகிறார். டப்பாவை டாக்டரம்மாவிடம் காட்டினேன், வாயில போட்டா வயித்துக்குள்ள பருப்புச் சோறு மாதிரி செரிச்சுப் போயிரும், மூளைக்குப் போய்ச் சேராது என்று சொல்லிவிட்டு, விழிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை, சரிகிறதற்கு ஒரு மாத்திரை, மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் என்று எழுதிக் கொடுத்தார். அடியோடு போகாது, கட்டுக்குள் வரும், கட்டுக்குள் வருகிறவரை பைக்கைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். இப்போது நான்தான் அவனைக் கம்பெனியில் இறக்கிவிடுகிறேன். டாக்டர் சீட்டைப் பார்த்து மேனேஜர் மத்தியானம் தூங்க இடம் கொடுத்திருக்கிறார், தூங்குகிற இடத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை அந்த சூப்பர்வைசருக்கு. திறக்கும்போது அவன் மூஞ்சியைப் பார்க்கவென்றே ஒருநாள் நான் உள்ளே போனேன்.

மாத்திரை பிடித்தது, ஆனால் வீடு படுத்துவிட்டது. சிரிக்க வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லவே இல்லை, உன் அம்மாவாகச் சட்டம் போட்டாள், டிவியில் காமெடி ஓடினால் நிறுத்திவிட்டு நியூஸ் வைத்தாள், நான் வாயைத் திறந்தால் கரண்டியைக் காட்டினாள். சோற்றுக்கும் குழம்புக்கும் தவிர பேச்சில்லை. ஒருநாள் தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யப்பா, விழுந்தா நான் எந்திரிச்சிருவேன், நீங்க இப்பிடி எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தா நான் எங்கிட்டுப் போயி எந்திரிக்க என்று கேட்டான். எழவு வீட்டுல கூட உங்க மாமா வந்தா சிரிப்பு வருமேடா என்றேன், கொஞ்சம் சரிந்தான், நான் தோளைக் கொடுத்தேன், உன் அம்மா கரண்டியைத் தேடவில்லை.

அடுத்தது கல்யாணப் பேச்சு. உன் மாமனார் வந்து, கல்யாணம் முடியட்டும், அப்பறமாச் சொல்லிக்கிருவோம், தாலி ஏறிட்டா அவுக எங்கிட்டுப் போவாக என்றார். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமில்லை, இடத்துக்கு வில்லங்கம் இருப்பதை மறைத்து விற்கிற புரோக்கர் புத்தி அதுதான். ஆனால் ராத்திரி நீயும் அதையே வாய்ஸ் மெசேஜில் அனுப்பினாயே ஆத்தா, இப்பச் சொன்னா தம்பிக்குப் பொண்ணு கிடைக்காதுப்பா, பக்குவமா அப்பறம் சொல்லலாம் என்று, அதைக் கேட்டுத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மாமனார் சொன்னால் எனக்குக் கேலி, நீ சொன்னால் எனக்கு வலி. படித்த பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் உட்கார்ந்து இன்னொரு வீட்டுப் பெண்ணை ஏமாற்ற யோசனை சொல்லுகிறாய். அந்தப் பிள்ளை இடத்தில் நீ இருந்து, உன்னை யாராவது இப்படி மூடி மறைத்துக் கட்டியிருந்தால், நான் அவன் வீட்டு ஓட்டைப் பிரித்திருப்பேன்.

அதனால் போன ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் நானும் தம்பியும் காளை வீட்டுக்குப் போனோம். தம்பியே எல்லாவற்றையும் சொன்னான், பேரிலிருந்து மாத்திரைவரை, ஆயுசுக்கும் இருக்கும் என்பதையும் சேர்த்து. காளைக்கு முகம் இறுகிவிட்டது, அன்னைக்கு ஷிப்ட்டு மயக்கம்னு சொன்னது யாரு சம்பந்தி என்றார். என் மச்சான் சொன்ன பொய்யி, அதத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கோம், பொண்ணு இல்லன்னு சொன்னாலும் சரிங்க என்றேன். உள்ளேயிருந்து காளீஸ்வரி வந்தாள், மாமா, நீங்க உக்காருங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு நேராக இவனிடம், சிரிச்சா மட்டுந்தானா, கோவத்துக்கும் விழுவீகளா என்று கேட்டாள். ரொம்பக் கோவம் வந்தாலும், திடீர்னு சந்தோசப்பட்டாலும் முட்டி விட்டுரும் என்றான். பொய் சொன்னா? என்றாள். அதுக்கு விழமாட்டேன் என்றான். விழுகுற மாதிரி இருந்தா உங்க மாமா இந்நேரம் படுத்த படுக்கையாத்தான் இருப்பாரு என்றாள். கனகம், எனக்கே அப்படி ஒரு வார்த்தை வாய்த்ததில்லை. உன் தம்பி சிரித்துவிட்டான், அப்படியே சரிந்துவிட்டான், நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துப் படுக்க வைத்தோம். காளை பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். தண்ணி வேணாம்ப்பா, அவருக்குக் காது கேக்கும், ஏதாச்சும் நல்லதாப் பேசுங்க என்றாள். பாவம், அந்த மனுஷன் செம்பும் கையுமாகவே குனிந்து இவன் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, மாப்ள, ஆவணி கடேசியில ஒரு முகூர்த்தம் இருக்கு, உங்களுக்குச் சம்மதந்தானே என்றார். பதில் சொல்ல வாய் வராமல் கிடந்தவனுக்குக் கண்ணோரம் தண்ணீர் மட்டும் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

உன் மாமனாரிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும், அவர் முகம் போகிற போக்கை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்குக் காட்டாதே. குளிரில் வெறுந்தரையில் நடக்காதே, ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே, ரெண்டு பேரும் வேலை வேலை என்று ஓடாமல் நேரத்துக்குத் தூங்குங்கள், தூக்கம் என்ன பெரிய விஷயம் என்று இந்த வீட்டில் இனி யாரும் பேச முடியாது. உங்கள் ரெண்டு பேருக்கும் அழகரும் ஆத்தா மீனாட்சியும் எல்லாக் குறையும் தீர்த்து நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். முக்கியமான ஒன்று, இப்போதே லீவு சொல்லிவை. தாலியில் முதல் முடிச்சுதான் தம்பி போடுவான், மற்ற ரெண்டும் நாத்தனார் நீ போட வேண்டியது. அந்த நேரத்தில் சந்தோசம் மிஞ்சி அவன் முட்டி விட்டாலும் விடும். முடிச்சுப் போட உனக்கு ரெண்டு கையும் வேண்டும், அதனால் அவன் முதுகுக்கு உன் முழங்காலை முட்டுக் கொடுத்து நில். அந்தச் சபையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், யாருக்காகவும் நீ எதையும் மறைத்து நிற்க வேண்டியதில்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
மொக்கையன்.