மாட்டிப் பார்க்கப் போன மோட்டார்

பங்குனி, திங்கள்.
காலையிலேயே வெயில். பாக்குத் தோப்பு ரங்கசாமி மேட்டுப்பாளையத்திலிருந்து வேனோடு கணபதியில் இருக்கும் நம் கடைக்கே வந்துவிட்டார். போனில் நம் கடைப் பக்கத்தைப் பார்த்தபோது பம்பு மோட்டார் ஒன்று இருப்பு என்று காட்டியதாம். கடையில் இல்லை. துடியலூர்க்காரர் ஒருவர் மாட்டிப் பார்க்கக் கொண்டுபோயிருக்கிறார். நம் வழக்கம் அது: தண்ணீர் ஏறினால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பித் தரலாம். தோப்பு காய்கிறது என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

செவ்வாய்.
கடை இருப்பைக் காட்டும் புரோகிராம் எழுதியது மகள் கவிதாவும் மாப்பிள்ளையும். நான் ஐந்தாவது வரை. எனக்குப் புரிந்தது: மாட்டிப் பார்க்கப் போனதை இருப்பில் சேர்க்காதே என்பதை மாப்பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதியிருக்கிறார். கல்லாப் பக்கத்தில் உண்டு. போன் பக்கத்தில் விட்டுப்போயிற்று. மகள் கேட்பது ஸ்டோர்டு புரொசீஜர். டேட்டாபேஸுக்குள் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் எல்லாப் பக்கமும் அதையே கூப்பிடும்.

மாப்பிள்ளைக்கு ஒப்பவில்லை. டேட்டாபேஸ் அவள் கைவேலை. அவளுக்கோ எட்டாம் மாதம்.

"மாமா வாரம் ஒரு ரூல் மாத்துவாரு. நான் பிரசவ வார்டுல போய்க் கேக்கட்டுங்களா?"

"பொறக்கறதுகிட்டயே கேட்டுக்கலாங்க மாப்ள" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

புதன்.
இருவருக்கும் பேச்சு இல்லை. "அவுங்க சாப்பிட்டாங்களான்னு கேளுங்கப்பா." அவர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன தபால்காரனா? ரங்கசாமி மறுபடி போன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதாம், ஏற்றத்தான் வழியில்லை. முட்டி வலி. அலுப்பு. வாங்க வேண்டியது: மாதுளை, சத்து மாத்திரை, தைலம்.

வியாழன்.
என்னை முடிவு சொல்லச் சொன்னார்கள். "டேட்டாபேஸுக்குள்ளயே வெச்சுப்போடலாங்க. அம்மணி சொல்லட்டும், மாப்ள எழுதட்டும்." அவள் கால் நீட்டிச் சொல்ல, அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். வேலைப் பேச்சு மட்டும். சாயங்காலம் போனிலும் கல்லாவிலும் இருப்பு ஒன்றுமில்லை என்றே காட்டியது. இல்லை என்பதைப் பார்த்து இவ்வளவு நிம்மதி எனக்கு எப்போதும் வந்ததில்லை.

வெள்ளி.
மேகமூட்டம், மழை இல்லை. துடியலூர்க் கிணறு ரொம்ப ஆழம், தண்ணீர் ஏறவில்லையாம், மோட்டார் திரும்பியது. உடனே ரங்கசாமி பெயருக்குப் பதிவு. மத்தியானம் பங்காளி போன், அதே மோட்டார் ரெண்டு நாளைக்கு மாட்டிப் பார்க்க வேண்டுமாம். சொந்தம், எப்படி மறுப்பது. ரங்கசாமி பதிவைப் புரோகிராமில் கொஞ்சம் மறைத்து வைக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"முடியாதுங்க மாமா."

"முடியாதுங்கப்பா."

ஒரே நேரத்தில். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவளே அவரிடம், "சாப்பிடலாங்களா?"

பங்காளிக்கு இல்லை என்று நான்தான் சொன்னேன். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார்.