ஐந்து பச்சைத் தண்டுகள்

ஜனவரி 14, கொர்ரியெந்தெஸ், அர்ஜென்டினா

ஏழாம் தொட்டிப் புல்லுக்கு இன்று மகரந்தம் தூவினோம். தாயின் தண்டு பச்சை, தகப்பனுடையது ஊதா. தாய்க்குள் நாங்கள் செலுத்திய மரபணு வேலை செய்தால், மகரந்தம் விதைக்குத் தீனி உண்டாக்குவதோடு சரி. கரு தகப்பன் இல்லாமல் தானே வளரும். அந்த நாற்றில் தகப்பனின் ஊதா இருக்காது. வேறு மகரந்தம் படாதிருக்கக் கதிர்களைக் காகிதப் பையால் கட்டினோம். நாற்பது டிகிரி வெயில்.

"நிழலுக்கு வாங்க டாக்டரம்மா, புல்லுக்கு முன்னாடி நீங்க வாடிருவீங்க" என்றார் கண்ணாடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் எவரிஸ்தோ.

ஜனவரி 20

புயல். கூடத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

மார்ச் 9

பத்தொன்பது நாற்றுகள். பதினான்கு ஊதா. ஐந்து பச்சை! லியோனோர் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். என்னோடு படித்தவள், இப்போது எனக்கு மேலதிகாரி. "பன்னெண்டு வருஷம்டி டெல்ஃபி!" மாநாட்டில் இதைப் பற்றி உரையாற்ற இன்றே எழுதி அனுப்பியும் விட்டாள்.

மார்ச் 17

எவரிஸ்தோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "அன்னைக்குப் புயல்ல சன்னல் திறந்துகிச்சு. ஏழாம் தொட்டில மூணு பை கிழிஞ்சுது. நானே புதுசு மாட்டிட்டேன். சொன்னா வேலை போயிருமோன்னு..."

வெளியே சுற்றிலும் பச்சைத் தண்டுப் புல்தான். அப்படியானால் ஐந்தும் காற்றில் வந்த மகரந்தத்தின் பிள்ளைகளா? கோபம் வந்தது. அவர் மேலா, புயலுக்குப் பிறகு ஒருநாள்கூடப் போய்ப் பார்க்காத என் மேலா?

மார்ச் 18

லியோனோரிடம் சொல்லிவிட்டேன்.

"இப்ப யாருடி உன்னைக் கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

கதவைக் காட்டினாள்.

மார்ச் 26

ஐந்து பச்சை நாற்றுகளின் வேர்நுனிகளுக்கும் சாயமேற்றி எண்ணினேன். தகப்பன் இருந்தால் நாற்பது குரோமோசோம். இல்லாவிட்டால் தாயின் பாதி, இருபது.

நாற்பது. நாற்பது. நாற்பது. நாற்பது.

ஐந்தாவது, பிடுங்கி எறியலாம் என்றிருந்த நோஞ்சான் நாற்று — இருபது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். இருபதேதான்!

மார்ச் 27

லியோனோர் நுண்ணோக்கியை விட்டு நெடுநேரம் நகரவில்லை. பிறகு சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணு. மரபணு ஏத்தாத புல்லுலயே எப்பவாவது இப்படி ஒண்ணு வரும். இதை வச்சு என்ன பேசுறது?"

சரிதான். மாலையில் மாநாட்டு உரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 8, மறு வருடம்

மறுபடி முதலிலிருந்து. இருபது தொட்டிகள், மரபணு ஏற்றாதவை இன்னொரு இருபது. தினம் இரு வேளையும் எவரிஸ்தோவும் நானும் ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 2

லியோனோரோடு வேலைப் பேச்சு மட்டும். ஒரு வருடம் ஆகப்போகிறது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ? — முடிந்திருக்காது.

மார்ச் 30

இன்று எண்ணி முடித்தேன். மரபணு ஏற்றாத தொட்டிகளில் ஒன்றுகூடப் பச்சை இல்லை. ஏற்றியவற்றில் முப்பத்தொன்று.

லியோனோர் தலை நிமிராமல் கேட்டாள்: "குரோமோசோம்?"

"முப்பத்தொண்ணுலயும் இருபது."

பேனாவை வைத்தாள். எதிரே இருந்த நாற்காலியிலிருந்து காகிதக் கட்டுகளை எடுத்துக் கீழே போட்டாள். "உக்காருடி" என்றாள். மாத்தே இலைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். ஒரே குழலில் மாறி மாறிக் குடித்தோம்.