வாசற்படியில் வெட்டுக்காயப்பூண்டு

தாராபுரம்,
9.7.2024

அன்புள்ள கோகிலா,

உன் போனுக்கு அழைத்தால் போவதில்லை. அதனால் பள்ளி விலாசத்துக்கு எழுதுகிறேன். கோபப்படாதே, ஒரு செடியைப் பற்றிக் கேட்கத்தான். தாவரவியல் டீச்சர் உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்? பூ நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். "பார்த்தீனியமுங்க, அரிக்கும், புடுங்கிப்போடுங்க" என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி. ஒரு கிளையை இதோடு மடித்து வைத்திருக்கிறேன்.

அங்கப்பன்


கோயம்புத்தூர்,
16.7.2024

ஏனுங்க,

இது பார்த்தீனியம் இல்லை. அதற்குக் கேரட் இலை போலப் பிளந்த இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. இதற்குத் தண்டெல்லாம் ரோமம், நீளக் காம்பில் ஒற்றைப் பூ. ஒரு வெள்ளை இதழின் நுனியைப் பாருங்கள், மூன்று பல் தெரியும். வெட்டுக்காயப்பூண்டு. சாலையோரம், வரப்பு, சுவர் இடுக்கு, எங்கும் வரும். ஆனால் மிதிபட்ட செடி தரையோடு படர்ந்துதான் கிடக்கும். இந்தக் கிளை நிமிர்ந்து வளர்ந்திருக்கிறதே, எங்கே பறித்தீர்கள்?

கோகிலவாணி


தாராபுரம்,
24.7.2024

கோகிலா,

மூன்று பல்லையும் எண்ணிவிட்டேன். பறித்தது நம் ஊட்டு முன்வாசலில். படி இடுக்கெல்லாம் ஒரு சாண் உயரம் நிற்கிறது. நீ பெட்டியோடு இறங்கிய அன்று சாத்திய கதவு, இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. எனக்குப் புறவாசலே போதும். வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார் என்று உன்னிடம் கத்தியது தப்புத்தான். ஒரு ஆளுக்குப் பொங்கினால் சோறு மிஞ்சிப்போகிறது. வந்துவிடு, அம்மணி.

அங்கப்பன்


கோயம்புத்தூர்,
5.8.2024

ஏனுங்க,

இரண்டு முறை படித்தேன். செடி, கதவு, மிஞ்சிய சோறு, எல்லாம் இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை.

மார்ச்சில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். "கூட இருக்கறது யாருங்க?" என்று நர்ஸ் கேட்டபோது உங்கள் பெயர் வாய்வரை வந்தது. மேல்வீட்டு ரூபினா அக்கா பெயரைச் சொன்னேன். பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான்.

நான் வரவில்லை. செடி அரிக்காது, பிடுங்க வேண்டாம்.

கோகிலவாணி


தாராபுரம்,
20.9.2024

கோகிலா,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். மூன்றிலும் என்னைப் பற்றியேதான் இருந்தது.

உடம்பு இப்போது எப்படி இருக்குதுங்க? வலி இருக்குதுங்களா?

அங்கப்பன்


தாராபுரம்,
28.10.2024

கோகிலா,

பதில் வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

வலி இருக்குதுங்களா?

அங்கப்பன்