ஒரு செடிக்கு இரண்டு பெயர்

அன்பு கவுஸ்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவன் என்றுதான் நம் தாவரவியல் துறையில் என்னைப் பற்றிப் பேச்சு. அது பொய்யும் இல்லை. எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் உன் விஷயத்தில் மட்டும் பேசாமல் இருந்தேன். உன் மனைவி பர்வீன் கேட்டுக்கொண்டாள், அதனால்.

முதலில் நல்ல செய்தி. உன் செடி புதிய இனம்தான். மலைமேல் சோலைக்காட்டில், பல் கிட்டிப்போகும் குளிரில், மழையில் ஊறிப்போய் நீயும் நானும் பார்த்தோமே, இடுப்புயரப் புதர், வெள்ளைப் பூ, அதுதான். எதிரெதிரே நிற்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே இருந்த சிறு செதிலை விரலால் தடவிவிட்டு நீ சொன்னாய்: “காபிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மச்சி. ஆனா இத்த வறுத்துப் போட்டா மைலாப்பூர்ல ஒருத்தனும் உன்னை வீட்டுக்குள்ள சேக்க மாட்டான்.”

அங்கேயே இன்னொன்றும் சொன்னாய். அந்தப் புதர்களில் பூ இரண்டு விதமாக இருந்தது. ஒரு செடியில் பெண் பாகமான சூல்தண்டு நீண்டு வெளியே தெரிந்தது. மகரந்தத்தாள்கள் உள்ளே இருந்தன. பக்கத்துச் செடியில் அப்படியே தலைகீழ்.

“ரெண்டும் ஒரே செடிதான். இது எட்டிப் பாத்துக்கினு கீது, அது உள்ள பதுங்கிக்கினு கீது. புருசன் பொண்டாட்டி கணக்கா பக்கத்துல இருந்தாத்தான் காய் புடிக்கும்” என்றாய்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. காபிக் குடும்பத்தில் எத்தனையோ செடிகளுக்கு இந்தக் குணம் உண்டு. நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு விதத்தையும் பறித்துச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, காயவைத்து, அட்டையில் ஒட்டி முடித்தாய். எழுத உட்காருவதற்குள் ஈக்காட்டுத்தாங்கல் சிக்னலில், வண்டியில் உட்கார்ந்தபடியே, உனக்கு மாரடைத்தது. இவ்வளவு அவசரமாக எங்கே போனாய்?

உன் அட்டைகள் துறைத்தலைவரின் மேசைக்குப் போயின. அவர் அந்த மலை ஏறியவர் இல்லை. அட்டையில் ஒட்டிக் காய்ந்த பூக்கள் இரண்டு விதமாக இருந்ததும் இரண்டு புதிய இனங்கள் என்று எழுதிவிட்டார். ஒரே கட்டுரையில் இரண்டு. ஒன்றுக்கு, நம் உலர்செடிக் காப்பகத்துக்குக் குளிர்சாதன வசதி செய்துகொடுத்த தியாகராய நகர் நகைக்கடைக்காரரின் பெயர். இன்னொன்றுக்கு, போனால் போகிறதென்று உன் பெயர்.

அச்சுக்குப் போகும் முன்பே அவர் அறைக்குப் போய் நான் சொன்னேன். நீ மலையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கவுஸ் பேர் வரணுமா வேணாமா சார்? ஒண்ணுன்னா ஒரு பேர்தான் வைக்க முடியும். அது யார் பேரா இருக்கும்னு நான் சொல்லணுமா?”

இதைத்தான் நான் பர்வீனிடம் போய்ச் சொன்னேன். “விடுங்கண்ணே. அவரு பேரு வருதுல்ல, அது போதும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க” என்றாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம்கூட முடிந்திருக்கவில்லை. அவளிடம் நான் எப்படி வாதாடுவது?

பாண்டி பஜார் பக்கம் ஒரு ஓட்டல் கூடத்தில் விழா வைத்தார்கள். மேடையில் நகைக்கடைக்காரருக்கு ஆளுயர மாலை. உன் படம் ஓரமாக ஒரு ஸ்டூலில். பர்வீனைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள்; நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நகைக்கடைக்காரர் நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒலிபெருக்கியை மறந்துவிட்டு அவர் தலைவரிடம் கேட்டது கூடம் முழுவதும் கேட்டது: “சார், நம்ம பேர் வச்ச செடியக் கடை வாசல்ல வச்சா ஏசி தாங்குமா? கஸ்டமருக்குக் காட்டலாம்ல?” பர்வீன் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த பூக்காலத்தில் நான் தனியாக மலைக்குப் போனேன். விடுமுறை தரமாட்டேன் என்றார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். நீண்ட தண்டுப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துக் குட்டைத் தண்டுப் பூவில் தடவினேன், அதிலிருந்து இதற்கும் தடவினேன். ஒரே விதத்துக்குள்ளேயும் தடவினேன். வலைத்துணி கட்டி வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது, மாற்றித் தடவியதெல்லாம் காய்த்திருந்தது. ஒரே விதத்துக்குள் தடவிய பூக்கள் வாடி உதிர்ந்திருந்தன. இரண்டும் ஒன்றுதான், கவுஸ். அந்தச் சரிவில் நின்று சத்தமாகவே சொன்னேன். கேட்டதா?

ஊருக்குத் திரும்பினால் வேறொரு செய்தி. வெளிநாட்டிலிருந்து யாரோ இதே சந்தேகத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தலைவர் தானே ஒரு திருத்தம் எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்று என்று ஒப்புக்கொண்டு, நகைக்கடைக்காரரின் பெயரை வைத்துக்கொண்டு, உன் பெயரை அடித்துவிடப் போகிறார்.

நம் தொழிலின் விதி உனக்குத் தெரியும். ஒரே செடிக்கு ஒரே கட்டுரையில் இரண்டு பெயர் வைத்துவிட்டால், இரண்டுக்கும் சம உரிமை. இரண்டையும் இணைத்து முதலில் அச்சில் எழுதுகிறவன் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறானோ அதுதான் நிற்கும். பிறகு யாரும் அதை மாற்ற முடியாது.

அன்று மாலையே ராயப்பேட்டை போனேன். பர்வீன் எனக்கு டீ கொடுத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேசினால் உன் பெயர் நிலைக்கலாம், பிந்தினால் அடியோடு போய்விடும், பேசாமலே இருந்தாலும் போய்விடும் என்றேன். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

“மலைல எங்க அவரு இன்னா சொன்னாரு, ஒண்ணுன்னா, ரெண்டுன்னா?”

“ஒண்ணுன்னுதான்.”

“அப்ப ஒண்ணுதான். பொய்யா ஒரு பேரு அவருக்கு வேணாம். மெய்யாவே கிடைக்கும்னா, இன்னா ஒக்காந்து டீ குடிச்சிக்கினு கீறீங்க? போய் எழுதுங்கண்ணே.”

எழுதினேன், கவுஸ். காயின் படத்தோடு, பூவின் படத்தோடு, ஒரு வசைச்சொல் இல்லாமல், என் குணத்துக்குப் பொருந்தாத அடக்கத்தோடு எழுதினேன். சென்ற வாரம் வெளிவந்துவிட்டது. தலைவரின் திருத்தம் இன்னும் அவர் கணினியை விட்டு வெளியே வரவில்லை. இனி அந்தச் செடிக்கு ஒரே பெயர், அது உன் பெயர்.

தாழ்வாரத்தில் தலைவர் எதிரே வந்தார். “பழி தீர்த்துட்டீங்க” என்றார். ஆமாம் என்றேன். மழுப்ப எனக்கு எதற்கு அவசியம்? கோபம் இல்லாமலிருந்தால் நான் மலையேறி இருப்பேனா? கோபக்காரன் போய்ப் பார்த்தாலும் காய், காய்தானே?

ஒன்று மட்டும் கசக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். செடியின் பெயருக்குப் பின்னால் அதை முதலில் வைத்தவரின் பெயரும் எழுதப்படும். அதனால் உலகம் உள்ளவரை உன் பெயருக்குப் பின்னால் தலைவரின் பெயர் தொங்கிக்கொண்டே இருக்கும். கண்டது நீ, காயவைத்து ஒட்டியது நீ. பெயரைக் காப்பாற்றியவன் நான். நம் விதிப்புத்தகத்தில் என்னைப்போன்றவனுக்கு அங்கே இடமில்லை.

இருக்கட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கால் நடக்கும்வரை ஒவ்வொரு பூக்காலத்திலும் அந்தச் சரிவுக்குப் போவேன். யாராவது எங்காவது அந்த நகைக்கடைப் பெயரை எழுதினால், அது எந்தப் பெரிய மனிதராக இருந்தாலும், மறுநாளே பதில் போகும்.

துறையில் உன் முதலாண்டு நினைவு மலருக்கு அரைப்பக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறவரின் பதவியும் பாஸ்போர்ட் அளவுப் படமும் வேண்டுமாம். அவர்களுக்கு நான் எதுவும் தரப்போவதில்லை. இந்தக் கடிதம் இயற்கை ஆர்வலர்கள் நடத்தும் ஒரு மாத இதழுக்குப் போகிறது.

சென்ற வாரம் வந்த ஆய்வுக் குறிப்பில் என் பெயர் முழுதாக இருக்கிறது. யாருக்கும் பயந்து நான் ஒளியவில்லை. இதை எழுதியது யார் என்று தெரிய வேண்டியவர்களுக்கு முதல் பத்தியிலேயே தெரிந்திருக்கும். ஆனால் உன் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பெயர் தேவையில்லாமல் தொங்குகிறது. இன்னொன்றை நானும் கொண்டுபோய் ஒட்ட மாட்டேன். மயிலாப்பூர் தபால் நிலையத்துக்கு நடக்கப்போகிறேன். அனுப்புநர் பெயர் எழுதும் உறையின் பின்பக்கமும் காலி, இந்தத் தாளின் அடியும் காலி.

உன் மச்சி,
கையெழுத்து இல்லாமல்.