பொன்னுத்துரை மச்சானின் வலது கை

12-3-1953
பூட்டுக் கடை போர்டில் லட்சுமி வரைந்து முடித்தேன். வேடிக்கை பார்க்க ஐம்பது பேர். சரி, இருபது இருக்கும். திண்டுக்கல்லில் ஆயில் பெயிண்டைக் கையாளத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். நாலாம் கிளாஸோடு நின்றுவிட்டேன். அஞ்சாவது போயிருந்தால் இந்நேரம் இத்தாலியில் இருப்பேன்.

சர்ச் சாமியார் ஒரு இத்தாலிப் புத்தகம் காட்டினார். ஒரு கிழவன் படம். புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது, நகத்துக்குள் அழுக்கு. "இதுதான் ரியலிசம். உள்ளது உள்ளபடி" என்றார். திரும்பி வரும்போது என் லட்சுமியை நின்று பார்த்தேன். நாலு கையிலும் ஒரு எலும்பு இல்லை.

2-11-1955
உள்ளபடி வரைய ஆள் அசையாமல் உட்கார வேண்டும், நாள்கணக்கில். எவன் உட்காருவான்? காய் விற்கும் சோலைமலை கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டான். "பொணமாட்டம் உக்காரச் சொல்றீகளே அண்ணே, பேசாம ஒரு பொணத்தையே வரைஞ்சுக்கங்க."

5-11-1955
கத்தரிக்காய் வரைந்தேன். மூன்றாம் நாள் வாடியது. நாலாம் நாள் வீட்டுக்காரி குழம்பு வைத்துவிட்டாள்.

4-6-1958
பொன்னுத்துரை மச்சான், என் கூடப்பிறந்த சிவனம்மாள் அக்காவின் வீட்டுக்காரர், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை நிறுத்துக்கொண்டிருந்தபடியே விழுந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. தினம் ரெண்டு வேளை கையை மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர், விட்டால் இறுகிப்போகுமாம். அவர் மகள் கண்ணம்மாள் விடாமல் நீவுகிறாள்.

ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தக் கையில் விழுந்தது. சுருண்ட விரல்கள். எந்த நடிகனாலும் அப்படி வைக்க முடியாது. அசையாத மனுசன்! கடவுள் எனக்கென்றே அனுப்பியது போல —

இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

10-6-1958
நீவி முடித்ததும் கையின் மடிப்பெல்லாம் மாறிவிடுகிறது. நேற்று வரைந்த நிழல் இன்று இல்லை. "செத்த நேரம் இரு தாயி" என்றால் கண்ணம்மாள் கேட்கிறாளா?

அதனால் சொன்னேன்: கொடைரோடு ஸ்டேஷனில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்தேன், லண்டனில் படித்தவர், நாற்பது நாள் அந்தக் கையைத் தொடவே கூடாது என்கிறார், தொட்டால் நரம்பு அறுந்துவிடுமாம். தங்க பிரேம் கண்ணாடி வேறு போட்டுவிட்டேன் அவருக்கு. சொல்லச் சொல்ல எனக்கே அவர் முகம் தெரிந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாட்டி நாங்க என்ன ஆகியிருப்போம் தம்பி."

3-7-1958
மச்சானின் சுண்டுவிரல் அசைந்தது. ஒரு நாள் வேலை வீண். துணியைச் சுருட்டி விரலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

"மாப்ள... நோவுதுலே" என்றார், வாய் குழறி.

"பொறுங்க மச்சான். மெட்ராஸே உங்களைப் பார்க்கப் போகுது."

30-8-1958
நாற்பது நாள் எண்பதாயிற்று. படம் முடிந்தது. புறங்கைத் தோலின் சுருக்கம், நீல நரம்பு, எல்லாம் இருக்கிறது. இருபது வருசம் கழுதை மாதிரி போர்டு எழுதினேனே, இதற்குத்தான்.

மச்சானை வண்டியில் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். கை இறுகிவிட்டது. இனி நீளாது. "எந்த மடையன்யா தொடாதேன்னு சொன்னது?" என்று டாக்டர் கத்தினாராம்.

கண்ணம்மாள் என்னிடம் வந்து நின்றாள். "அந்த லண்டன் டாக்டர் பேரு என்ன மாமா?"

சொன்னேன். ஆடியில் கேட்டபோது வேறு பேர் சொல்லியிருக்கிறேன் போல. அவள் மறக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அப்பா படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

20-1-1959
மெட்ராஸ் கண்காட்சியில் முதல் பரிசு! சரி, இரண்டாம் பரிசு. இந்த டைரியை யார் பார்க்கப் போகிறார்கள். தீர்ப்புச் சொல்ல வந்தவர் அந்தக் கையை மட்டும் வெகுநேரம் பார்த்தாராம். "வலி தெரியுது" என்றாராம். அழுதார் என்று கடைத்தெருவில் சொன்னேன்.

நிலக்கோட்டைக்கு லட்டு வாங்கிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. தட்டினேன். சத்தம் நின்றது.

25-5-1961
கண்ணம்மாள் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. தாய்மாமனுக்குத் தபாலில்! வேலை அதிகம், வர முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனேன்.

வாசலில் மச்சான் நின்று, வருகிறவர்களை இடது கையால் கும்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை நெஞ்சோடு மடங்கி, நான் வரைந்தபடியே. எனக்கும் கும்பிட்டார்.

"வாங்க. சாப்டுட்டுப் போங்க."

இருபது வருசமா "ஏலே மாப்ள"ன்னு கூப்ட்ட மனுசன்யா. வாங்கவாம். போங்கவாம். என்னைய.

மேடையில் மாமன் மாலை போட ஆண்டிச்சாமியை நிறுத்தியிருந்தார்கள், எங்கள் பெரியப்பா மகன். அவனுக்கு மாலையை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "மாப்பிள்ளை வீடுங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.