தோட்டக்காரன் மேல் சந்தேகம்

ஜனவரி 9

கண் ஆபரேஷன் முடிந்து இவரை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இடது கண்ணில் போன வருடமே பார்வை போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த வலது கண்தான். குப்புறப் படுக்க வேண்டும், இருமக் கூடாது, பிரஷர் ஏறவே கூடாது. "பார்வை வந்துடுமா டாக்டர்?" என்றேன். "பொறுத்துப் பார்ப்போம்மா" என்றார். இவர் ஓட்டும் பள்ளி வேன் உறை போர்த்தி வாசலில் நிற்கிறது.

ஜனவரி 11

மனுஷர் தூங்கவே இல்லை. துப்பறியும் நாவல் படிக்காமல் இவர் கண்ணயர்ந்த நாளே கிடையாது. "நீயாச்சும் படிச்சுக் காட்டேன்" என்கிறார். பிரஷரை ஏற்றாத மர்மக் கதைக்கு நான் எங்கே போவேன்?

ஜனவரி 12

வாடகை நூலகக்காரர் ஸ்டூல் போட்டு ஏறித் தேடினார். ஒன்றில் முதல் பக்கத்திலேயே பிணம். இன்னொன்றின் அட்டையிலேயே கத்தி. கடைசியாக ஒன்று கிடைத்தது. பெரிய வீடு ஒன்றில் சுவர்க்கடிகாரம் காணாமல் போகிறது, அவ்வளவுதான். "ஒரு சொட்டு ரத்தம் கிடையாதுக்கா, நான் கேரண்டி." பகலில் நான் படித்து வடிகட்டி, ராத்திரி இவருக்குப் படிப்பதாக ஏற்பாடு.

ஜனவரி 13

நாலு பக்கத்தில் குறட்டை. அப்பாடா.

ஜனவரி 19

இன்று செக்கப். கண்ணில் இன்னும் வீக்கம் இருக்கிறதாம். அந்த அலைச்சலில் பகலில் படிக்க முடியவில்லை. ராத்திரி அப்படியே எடுத்துப் படித்தேன். கடிகாரத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் காலையில் எழுந்து, 'ஏன் இன்னும் விடியவில்லை?' என்று — பாதியில் விழுங்கினேன். அவருக்குக் கண் தெரியாமல் போகிறதாம்! நூலகக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. ரத்தம் ஒரு சொட்டும் இல்லை. பாவி.

"ஏன் நிறுத்திட்ட?"

"அப்போது தோட்டக்காரன் உள்ளே வந்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்தத் தோட்டக்காரன்? யார் கண்டது!

ஜனவரி 20

வேறு புத்தகம் எடுக்கலாம் என்றால் கேட்கவில்லை. "கடிகாரம் எங்கன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தோட்டக்காரன் மேலதான் எனக்குச் சந்தேகம்." மீதிப் புத்தகம் முழுக்கப் பார்வை போன பெரியவர்தான். ஒரு பக்கம்கூடத் தேறாது.

ஜனவரி 24

தோட்டக்காரனுக்கு இப்போது ஒரு மனைவி, ஒரு ஆடு, கொஞ்சம் மூட்டுவலி. அவனை அடுத்து எங்கே அனுப்புவது என்ற யோசனையில் காய்க்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். "என்னடி இது, கடலையே கொட்டிட்டியா?"

ஜனவரி 30

கதையை ஒருவழியாக முடித்தேன். கடிகாரத்தை யாரும் திருடவில்லை, தோட்டக்காரன்தான் ரிப்பேருக்கு எடுத்துப் போயிருந்தான். "சப்புன்னு இருக்கு" என்றார். ஆனாலும் தூங்கிவிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை. பார்வை வராவிட்டால்? வேன் போனால் போகட்டும். என் முகத்தை இவர் இனிமேல் — வேண்டாம். எழுதாதே.

பிப்ரவரி 8

ஜன்னல் பக்கம் வெளிச்சம் தெரிகிறது என்கிறார். நிஜமா? நான் பயப்படுகிறேனென்று எனக்காகச் சொல்கிறாரா? கதை விடுவது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்!

பிப்ரவரி 17

"இன்னிக்குப் பச்சைப் புடவை" என்றார். பச்சைதான். ஆனால் காலையில் நானே வாய்விட்டுச் சொல்லியிருந்தேனே.

மார்ச் 2

புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு, "ம், பரவாயில்லை" என்றார். என்ன பரவாயில்லை? கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 4

காலையிலிருந்து அறையில் சத்தமே இல்லை. மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு அதட்டல்.

"அடியே, இங்க வா!"

கையில் துண்டோடு பதறி ஓடினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். திருப்பிக் கொடுக்காமல் அலமாரி மேல் போட்டிருந்த அந்தப் புத்தகம் மடியில். விரல் கடைசிப் பக்கத்தில்.

"ஒரு வரி விடாம தேடிட்டேன். தோட்டக்காரன் எங்கடி?"

துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்கு அழற? நான் ஒண்ணும் திட்டலையே" என்கிறார்.